என் மனைவியின் கன்ட்ரிப் பாட்டு வெளியீட்டு விழா

என் மனைவி தனது அறுபத்து நாலாவது வயதில் ஒரு கன்ட்ரிப் பாட்டு வெளியிட்டாள். அகலத் தொப்பி போட்டவர்கள் கிற்றாரை அணைத்துக்கொண்டு, விட்டுப்போன காதலியையும் பழுதாய்ப்போன லொறியையும் பற்றி மூக்கால் பாடுவார்களே, அந்த வகை. பாட்டு ஆங்கிலத்தில். நீளம் மூன்று நிமிடம் நாற்பது செக்கன். எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் அவள்தான். நான் படிவங்களை நிரப்பினேன்.

படிவங்களைக் குறைவாக நினைக்கக் கூடாது. கொழும்பில் ஒன்பது வருடம் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞன். ரொறன்ரோவில் இருபத்தேழு வருடம் ஓர் அரச அலுவலகத்தில் அனுமதிப் பத்திரக் கருமபீடத்துக்குப் பின்னால் இருந்தவன். எங்கள் சனத்துக்கு மண்டபம் எடுக்க வேண்டுமென்றாலும், கடவுச்சீட்டுத் தொலைந்தாலும், செத்த வீட்டில் யாருக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்று தெரியாவிட்டாலும் எனக்குத்தான் தொலைபேசி அடிக்கும். நான் பிறப்பால் சைவம். கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவன். அதற்கான படிவத்தையும் பிழையில்லாமல் நிரப்பியிருக்கிறேன் என்று பங்குத்தந்தை அன்று பாராட்டினார். விசுவாசத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இவளுக்குக் கன்ட்ரி எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். குளிப்பாட்டுவது, சாப்பாடு தீத்துவது, உடுப்பு மாற்றுவது. அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பழைய பண்ணைக்காரி, யாராவது பாடினால்தான் தலை முழுக விடுவாளாம். தாதிமார் கெஞ்சிப் பார்த்தார்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்தும் பார்த்தார். கடைசியில் என் மனைவி கிழவியிடமே ஒரு பாட்டைக் கேட்டுப் பழகி, அதைப் பாடிக்கொண்டே சம்பூ போட்டாள். கிழவி கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தாளாம். பிறகு அடுத்த அறைக் கிழவர் தனக்கும் வேண்டும் என்றார். பெற்ற பிள்ளையின் பேர் மறந்தவர்களுக்கும் அந்தப் பாட்டுகளின் சொற்கள் மறக்கவில்லை. இவள் ஓய்வு பெறும்போது நாற்பது பாட்டுக்கு மேல் மனப்பாடம். நான் ஓய்வு பெறும்போது எனக்கு ஒரு மேசை மணிக்கூடு கொடுத்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு வோபர்னில் முதியோர் கிற்றார் வட்டம் ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். அங்கே நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஒருவர், இளைப்பாறிய தபால்காரர், இவளுடைய குரலைக் கேட்டுவிட்டு, "நீ ஏன் சொந்தமாக ஒன்று எழுதக் கூடாது?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஆட்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். "உந்த வயதிலை உனக்கு ஏன் உந்த வேலை?" என்றுதான் கேட்பார்கள். மூன்று மாதத்தில் எழுதிவிட்டாள்.

பாட்டு ஒரு பெண் பஸ் ஓட்டுநரைப் பற்றியது. காலை ஐந்து மணிக்கு முதல் பஸ். பனியில் இவள் ஓடி வருவதைக் கண்டால் அந்தப் பெண் அரை நிமிடம் தாமதிப்பாள். பதினொரு வருடம் இருவரும் காலை வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. ஒரு திங்கட்கிழமை வேறொருவர் ஓட்டி வருகிறார். அவ்வளவுதான் கதை. அதே பதினொரு வருடமும் வீட்டில் ஒரு கணவனும் இருந்தான். பாட்டில் அவன் இல்லை. காலை ஐந்து மணிக்கு அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது உண்மைதான்.

பதிவு நடந்தது அந்தத் தபால்காரரின் நண்பர் ஒருவருடைய வீட்டு நிலக்கீழ் அறையில். அதன் பிறகு என் பங்கு. உரிமைப் பதிவு, பதிவுக் குறியீடு, இணையத்தில் ஏற்றுவதற்கான உறுதிமொழி, பாட்டு கனடாவில் ஆக்கப்பட்டது என்பதற்கான நாலு கேள்விகள். எல்லாம் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஒரு வெள்ளிக்கிழமை காலை பாட்டு உலகம் முழுவதும் கேட்கக்கூடியதாக இருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் எழுபத்தெட்டுத் தரம் கேட்கப்பட்டிருந்தது. அதில் அறுபது நாங்கள்.

ஆனால் அவளுக்கு உலகம் பெரிதில்லை. அவளுடைய அண்ணர் கேட்க வேண்டும்.

மச்சானுக்கு எழுபத்தொரு வயது. ஸ்ரௌவ்வில்லில் மகனோடு இருக்கிறார். முப்பது வருடம் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவை நடத்தியவர். பூசையில் யாராவது அரைச் சுருதி இறங்கிப் பாடினால் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பக்கூடிய ஆள். கன்ட்ரி பற்றி அவருடைய தீர்ப்பு எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது: "மூண்டு சுருதி, ஒரு அழுகை." இவள் வாட்ஸ்அப்பில் பாட்டின் லிங்கை அனுப்பினாள். பெருவிரல் படம் ஒன்று வந்தது. தொலைபேசி எடுத்துக் கேட்டால், "கார் ஓடிக்கொண்டிருக்கிறன் பிள்ளை, பிறகு கேக்கிறன்." இரண்டாம் தரம் அனுப்ப, "கண்ணாடி கிட்ட இல்லை." பாட்டுக் கேட்கக் கண்ணாடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் தரம், "லிங்க் திறக்குதில்லை." ஒரு நாளைக்கு நாற்பது வீடியோ அனுப்புகிற மனிதர்.

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு இவள் சொன்னாள்: "ஆர் கேட்டாலும் கேக்காட்டிலும் எனக்குக் காரியமில்லை. அண்ணை ஒருக்கா முழுக்கக் கேக்கவேணும். அதுக்குப் பிறகு என்னத்தையும் சொல்லட்டும்."

"கூடாதெண்டு சொன்னால்?"

"சொல்லட்டுமன். கேட்டிட்டுச் சொல்லட்டும்."

"அப்ப வெளியீட்டு விழா வைப்பம்," என்றேன். "அவரைப் பிரதம விருந்தினராப் போடுவம்."

இது என் மூளையில் உதித்ததை இன்றும் பெருமையாகவே நினைக்கிறேன். லிங்கைத் திறக்காதவர்கள் இருக்கலாம். பிரதம விருந்தினராக வர மறுத்த ஒரு யாழ்ப்பாணத்து மனிதனை நான் இதுவரை சந்தித்ததில்லை. மச்சான் இரண்டு நிமிடத்தில் சம்மதித்தார். ஒரேயொரு நிபந்தனை: அன்று மாலை பேரனுடைய பிறந்தநாள், நாலரைக்கு வெளிக்கிட வேண்டும்.

இந்த நகரத்தில் நான் நடத்திக் கொடுத்த வெளியீட்டு விழாக்கள் முப்பதுக்குக் குறையாது. கவிதைத் தொகுதிகள், ஊர் வரலாறுகள், நினைவு மலர்கள், ஒரு தரம் ஒரு சமையல் புத்தகம். நிகழ்ச்சி நிரல் என் கணினியில் ஒரு கோப்பாகவே இருக்கிறது. பெயர்களையும் திகதியையும் மாற்றினால் போதும். கோயிலின் கீழ் மண்டபத்தை ஞாயிறு இரண்டு மணியிலிருந்து ஐந்து வரைக்கும் எடுத்தேன். ஐந்தரைக்கு அங்கே பிலிப்பினோக்காரர்களின் செபக்கூட்டம்.

ஒரு சிக்கல்: வெளியீட்டு விழாவென்றால் முதற்பிரதி கைமாற வேண்டும். பாட்டோ இணையத்தில் இருக்கிறது. கையில் கொடுக்க ஒன்றுமில்லை. அதனால் அட்டைப்படத்தையும், கைத்தொலைபேசியால் பிடித்தால் பாட்டுத் திறக்கும் சதுரக் குறியையும் ஒரு அட்டையில் அச்சிட்டு, பழைய சீடிப் பெட்டிகள் அறுபதுக்குள் வைத்து, ரிபன் கட்டினேன். வாசலிலேயே ஒரு பெரியவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இதுக்குள்ளை சீடியைக் காணேல்லை."

"சீடி இல்லை அங்கிள். உந்தக் குறியைப் போனாலை பிடிச்சால் பாட்டு வரும்."

"அப்ப நீங்கள் இண்டைக்கு என்னத்தை வெளியிடுறியள்?"

"பாட்டைத்தான்."

"அது வெளியிலைதானே இருக்குது எண்டு மகள் சொன்னாள்," என்றுவிட்டு அவர் தேநீர் பக்கம் போனார். தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது.

இரண்டு பத்துக்கு என் மனைவி பச்சைச் சேலையில், காலில் உயர்ந்த தோல் சப்பாத்தோடு வந்தாள். கன்ட்ரிப் பாடகிகள் போடுகிற அதே வகைச் சப்பாத்து. சேலைக்குக் கீழே நுனி மட்டும்தான் தெரிந்தது. தபால்காரர் கிற்றாரோடு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். நான் அவளிடம் நிகழ்ச்சி நிரலைக் கொடுத்தேன். கெட்டித் தாள், இரண்டு மொழி, பதினெட்டு அம்சம். மேலிருந்து கீழே வாசித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, பாட்டு எங்கை?"

"எந்தப் பாட்டு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் தாளை என்னிடமே நீட்டினாள். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். மௌன அஞ்சலி இருந்தது. விளக்கேற்றல், இரண்டு வாழ்த்துப் பாக்கள், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், நயப்புரை, நாலு வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை, சிற்றுண்டி எல்லாம் இருந்தன. புத்தகத்தை மேடையில் யாரும் வாசிப்பதில்லை. ஆகவே வெளியிடப்படும் பொருளுக்கு என் கோப்பில் இடம் இருந்ததேயில்லை. முப்பது விழாவிலும் யாரும் குறை சொன்னதுமில்லை.

"முதற்பிரதி குடுத்த கையோடை பாடும்," என்றேன். "நான் நுழைச்சு விடுறன்."

"அண்ணை நாலரைக்குப் போயிடுவார்."

"மூண்டரைக்குள்ளை நீர் பாடி முடிச்சிடுவீர்."

இரண்டு நாற்பதுக்குத் தொடங்கினோம். அது எங்கள் வழக்கப்படி சரியான நேரம். அந்த மண்டபத்தில் திறந்த நெருப்புக்கு அனுமதியில்லை. ஆகவே மின்கலத்தில் எரியும் திரிகளைக் குத்துவிளக்கில் வைத்து, ஐந்து பெரியவர்கள் பயபக்தியோடு ஒவ்வொன்றாகச் சுவிச்சைத் தட்டினார்கள். ஒன்று எரியவில்லை. தட்டியவர் அதைக் காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார். மௌன அஞ்சலியும் இரண்டு உருக்கமான உரைகளும் முடிந்த பிறகு தபால்காரர் மெல்ல என்னிடம் சாய்ந்து, இறந்தவர் யார் என்று கேட்டார். யாரும் இல்லை, இது மகிழ்ச்சியான நிகழ்வு என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்; நம்பவில்லை.

முதற்பிரதி மூன்றே முக்காலுக்குத்தான் கைமாறியது. மச்சான் வெறும் பெட்டியை இரு கையாலும் வாங்கி, படப்பிடிப்பாளருக்கு மூன்று தரம் காட்டினார். நான் ஒலிவாங்கியை நோக்கி நடந்தேன். எனக்கு முன்னால் நயப்புரைக்காரர் அதைப் பிடித்துவிட்டார். ஒரு பழைய ஆசிரியர். பாட்டைக் கேட்க நேரம் வாய்க்கவில்லை என்பதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டு, சங்க காலத்துப் பாணர்களிடமிருந்து தொடங்கினார். யாழின் நரம்புகள் எத்தனை வகை என்று அன்று அறிந்துகொண்டோம். ஐந்து நிமிட உரை. நாலு மணிக்கு அவர் இன்னும் சோழ நாட்டில் நின்றார்.

என் மனைவி மேடையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் கோபமாக இல்லை. முதியோர் இல்லத்தில் ஒருவர் சாப்பிட மறுத்தால் பொறுமையாகக் காத்திருப்பாளாமே, அப்படி இருந்தாள். கண் மட்டும் அண்ணரில்.

முதல் வாழ்த்துரை நாலு இருபத்திரண்டுக்கு முடிந்தது. இன்னும் மூன்று. அடுத்து ஒரு பழைய மாணவர் சங்கத் தலைவர். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்துக்கொண்டிருந்தார். தாள்கள், பன்மை. அதே நேரம் மச்சான் எழும்பி, கதிரையில் கிடந்த கோட்டை எடுத்தார்.

முப்பத்தாறு வருடச் சேவையில் நான் வரிசையை மாற்றியதில்லை. அமைச்சரின் உறவினர் என்று வந்தவரையும் இலக்கம் எடுத்து இருக்க வைத்தவன். ஒலிவாங்கியில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"அடுத்து, ஏற்புரை."

தலைவர் பாதி எழும்பியபடி நின்றார். பின்வரிசையிலிருந்து யாரோ, "டேய், மூண்டு பேரை விட்டிட்டாய்!" என்றார். "ஏற்புரை," என்று இன்னொரு தரம் சொன்னேன். ஏற்புரைக்கு எழுந்தவரை இடைமறிக்கக் கூடாது என்பது எங்கள் கூட்டங்களில் எழுதாத சட்டம். என் மனைவிக்கும் அது தெரியும். ஒலிவாங்கிக்கு வந்தவள், "எல்லாருக்கும் நன்றி," என்று ஒரே வசனம் சொன்னாள். பிறகு தபால்காரரைப் பார்த்தாள். இரண்டு மணி நேரமாக விளங்காத துக்கம் காத்த மனிதர் துள்ளி எழும்பிக் கிற்றாரைத் தோளில் மாட்டினார்.

அந்தப் பாட்டை நான் வீட்டில் நூறு தரமாவது கேட்டிருப்பேன்; பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு மேலால், குளியலறைக் கதவுக்குப் பின்னால். மண்டபத்தில் அது வேறு மாதிரி இருந்தது. குரல் பெரிதில்லை. சொற்களை இழுத்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் மடித்து வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனாள். ஆங்கிலம் விளங்காத அன்ரிமாருக்கும் யாரோ எதற்கோ காத்து நிற்கிறார்கள் என்பது விளங்கியிருக்க வேண்டும். சிற்றுண்டிக்கு ரோல்ஸ் தட்டைத் தூக்கி வந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நான் மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டின் ஒரு கைக்குள் அவருடைய கை போயிருந்தது, மற்றது வெளியே. அதை உள்ளே விடவும் இல்லை, போட்டதைக் கழற்றவும் இல்லை. வெளியே இருந்த கையின் பெருவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தாளம் எண்ணியது. கடைசிக்கு முந்திய அடியில் பெருவிரல் ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பவும் எண்ணியது. முடியும்வரைக்கும் அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

கைதட்டல் அடங்க முதல் மேடைக்கு ஏறி வந்தார். தங்கச்சியின் தோளில் கை வைப்பார், அல்லது நெற்றியில் சிலுவை போடுவார் என்று படப்பிடிப்பாளர் ஓடி வந்தார்.

"கடைசிக்கு முந்தின அடியிலை மூச்சு எடுத்தாய்," என்றார் மச்சான்.

"எடுத்தனான்."

"அங்கை எடுக்கக் கூடாது. வசனம் முறியுது."

"அது இண்டைக்குப் பதட்டத்திலை அண்ணை. ரெக்கோர்டிங்கிலை எடுக்கேல்லை."

"எடுத்திருப்பாய். உனக்குச் சின்னனிலை இருந்து உந்தப் பழக்கம்."

"இல்லை எண்டுறன்!"

"நான் முப்பது வருசம் ஆக்களின்ரை மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டனான், பிள்ளை. எனக்குச் சொல்லாதை."

"அப்ப போட்டுக் கேளுங்கோவன்."

"இந்தச் சத்தத்துக்கை என்னெண்டு கேக்கிறது? வா காருக்கு."

இருவரும் பக்கக் கதவால் போனார்கள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அறுபது பேர் கைதட்டியபோது இல்லாத வெளிச்சம் அப்போதுதான் வந்திருந்தது.

மிச்ச விழாவை நான் விழா நாயகி இல்லாமலே நடத்தினேன். சங்கத் தலைவரிடம் மன்னிப்புக் கேட்டு மேடைக்கு அழைத்தேன். அவர் பற்றிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த சபைக்குத் தன் எல்லாத் தாள்களையும் வாசித்தார். மற்ற இருவரில் ஒருவர் பேச மறுத்துவிட்டார். இன்றுவரை என்னோடு பேசவும் மறுக்கிறார், அதில் எனக்குப் பெரிய நட்டம் இல்லை. நன்றியுரையில் தபால்காரருக்கு விசேடமாக நன்றி சொன்னேன். அவர் மூன்றாவது ரோல்ஸைக் கையில் பிடித்தபடி, இப்போது எல்லாம் விளங்குகிறது என்பதுபோல எனக்குக் கண்ணடித்தார்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மிஞ்சிய பெட்டிகளைக் காவிக்கொண்டு பார்க்கிங்குக்கு வந்தேன். ஏப்ரல் மழை தூறிக்கொண்டிருந்தது. மச்சானுடைய கார் இன்னும் நின்றது. கண்ணாடியெல்லாம் மூடி, உள்ளே இரண்டு தலைகள். பின்கதவைத் திறந்து ஏறினேன். ஒருவரும் திரும்பவில்லை. கார் ஒலிபெருக்கியில் அவள் பனியில் ஓடிக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சரணம் தொடங்க, தொலைபேசி அழைப்பு வந்து பாட்டை வெட்டியது. மகனுடைய பெயர் திரையில் விழுந்தது. பேரனின் கேக்கை வெட்டக் காத்திருப்பார்கள். மச்சான் அழைப்பைத் துண்டித்தார்.

"குழப்பிப் போட்டான். முதலிலை இருந்து போடு பிள்ளை."

"கடைசி அடிதானே அண்ணை உங்களுக்கு வேணும்?"

"முழுக்கக் கேட்டால்தானே மூச்சு எங்கை எங்கை எடுக்கிறாய் எண்டு தெரியும்."

அவள் முதலில் இருந்து போட்டாள். மூன்று நிமிடம் நாற்பது செக்கன் யாரும் பேசவில்லை. அந்த அடி வந்தபோது மச்சான் சுட்டுவிரலை உயர்த்தினார். எனக்கும் கேட்டது.

"எடுத்திருக்கிறன்," என்றாள் அவள். "ஆனால் மெல்லமா எடுத்திருக்கிறன்."

மச்சான் உயர்த்திய விரலை மடக்கினார்.

"ஓம்," என்றார். "மெல்லமாத்தான்."